தட்டிவானுக்கு எது அசல்?

கோடைகாலம் வந்துவிட்டால் மொன்றியலைச் சூழவுள்ள சிற்றூர்களில் பழைய வாகனக் கண்காட்சிகள் நடைபெறுவது வழக்கம். தேவாலய முன்றிலிலோ கடைத்தொகுதியின் தரிப்பிடத்திலோ நாற்பது ஐம்பது வண்டிகள் வரிசையாக நிற்கும். பொனற்றுகள் திறந்திருக்கும். ஒவ்வொரு வண்டியின் அருகிலும் மடக்குக் கதிரை ஒன்றில் அதன் உரிமையாளர் வீற்றிருந்து, கேட்டவர்க்கெல்லாம் சலிப்பின்றி விளக்கம் கூறுவார். சென்ற கோடையில் எமது பிள்ளைகள் சிலரை அத்தகைய கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அங்கே கண்ட இரண்டு பிக்-அப் வண்டிகளே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

இரண்டும் 1950களைச் சேர்ந்த மேர்க்குரி வண்டிகள். போர்ட் நிறுவனம் தனது பிக்-அப் வண்டிகளை ‘மேர்க்குரி’ என்ற பெயரில் கனடாவில் மட்டுமே விற்றது. 1940களின் பிற்பகுதியிலிருந்து 1968 வரை இவ்வழக்கம் நீடித்தது. ஆகவே இவை இந்நாட்டுக்கே உரிய வண்டிகள் எனலாம். அவற்றுள் ஒன்று நிலத்தோடு படியுமாறு தாழ்த்தப்பட்டு, செம்மஞ்சள் வர்ணம் பூசப்பட்டு, அகன்ற சில்லுகளும் புத்தம் புதிய எஞ்சினும் தோல் இருக்கைகளும் பெற்று மணமகன் போல் நின்றது. மற்றையது, வெளிறிய பச்சை வர்ணத்துடனும், சுமை வைக்கும் தட்டில் தேய்ந்துபோன பலகைகளுடனும், கதவில் அரைகுறையாக அழிந்த ஒரு பாற்பண்ணையின் பிரெஞ்சுப் பெயருடனும் நின்றது. பிள்ளைகள் அனைவரும் முதலாவதைச் சுற்றி நின்றனர். நாம் இரண்டாவதன் அருகில் நின்றோம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் வாதந்தான். “அந்தப் பச்சை வண்டி ஏத்தம் ஏறவே கஷ்டப்படும். அதை அப்பிடியே வைச்சு என்ன செய்யிறது?” என்றான் ஒரு சிறுவன். “பழசை மாத்தினால் பிறகு அது பழசே இல்லை” என்றார் அவனுடைய தகப்பனார். இரு கூற்றுகளிலும் நியாயம் உண்டு. பழைய வண்டிகளை நேசிப்போர் உலகெங்கும் இவ்விரு கட்சிகளாகவே பிரிந்து நிற்கின்றனர். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ, ஆணியும் வர்ணமும் உட்பட அவ்வாறே இருத்தல் வேண்டும் என்பது ஒரு கட்சி. வண்டி ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. இன்றைய வீதியில், இன்றைய மனிதன் விரும்பும் வண்ணம் ஓடுவதற்கு வேண்டியதைச் செய்யலாம் என்பது மறு கட்சி.

நாம் ஐயமின்றி முதற் கட்சியைச் சார்ந்தே பேசிக்கொண்டு வந்தோம். அப்போது பின் இருக்கையில் அதுவரை மௌனமாக இருந்த முதியவர் ஒருவர், “அப்ப எங்கடை தட்டிவானை என்னெண்டு சொல்லுவியள் தம்பி?” என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று எம்மால் விடை கூற முடியவில்லை. இங்கு கூற முயல்கின்றோம்.

தட்டிவானை அறியாத மாணவர்களுக்காகச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடிய, ஆட்களையும் சுமையையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் பழைய லொறி வகையே தட்டிவான். முன்புறம் வெளிநாட்டு லொறியின் மூக்கு. அதன் பின்னே உள்ளதெல்லாம் உள்ளூர்த் தச்சரின் கைவேலை. பலகையாற் செய்த உடல். கண்ணாடி இல்லாத திறந்த பக்கங்கள். மழை வந்தால் இறக்கிக் கட்டுவதற்குப் படங்கு. உள்ளே பலகை இருக்கைகள். கூரையின் மேலே சுமை ஏற்றுவதற்கான இடம். பின்புறத்தில் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டி ஒன்று இருக்கும். அதனை இறக்கிவிட்டால் மேலும் ஓர் அடுக்குச் சுமை ஏறும்; சுமைக்கு இடையில் நாலைந்து பேர் தொற்றிக்கொண்டு நிற்பர். அத்தட்டியினாலேயே வண்டிக்கு அப்பெயர் வழங்கிற்று.

பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் ஓடிய தட்டிவான்கள் பெயர் பெற்றவை. ஒரு முனையில் வடமராட்சியின் கடலும் தோட்டங்களும். மறு முனையில் தென்மராட்சியின் தென்னையும் மாவும் பலாவும், புகையிரத நிலையமும், பெரிய சந்தையும். மீன் பெட்டி, வெங்காயப் பிடி, வாழைக்குலை, தேங்காய்ச் சாக்கு, கோழிக்கூடு, பள்ளிக்கூடப் பிள்ளை, கடகம் ஏந்திய ஆச்சி என எல்லாம் ஒரே வண்டியில் வரணி ஊடாகச் சென்று வந்தன. 1958 சனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கப்பட்டுப் பேருந்துச் சேவை அரசுடைமையான பின்னரும், சந்தைச் சுமையோடு செல்பவர்க்குத் தட்டிவானே உற்ற துணையாயிற்று. மீன் பெட்டியை அரச பேருந்தில் ஏற்ற எந்த நடத்துநர் இடங்கொடுப்பார்?

இனி, இந்த லொறிகளின் பிறப்பிடத்தைச் சற்று நோக்குவோம். கனடா போர்ட் நிறுவனம் 1904இல் ஒன்ராறியோ மாகாணத்தில், இன்றைய வின்சர் நகரின் ஒரு பகுதியாகிய வோக்கர்வில் என்னும் இடத்தில் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவும் அயர்லாந்தும் நீங்கலாக, பிரித்தானியப் பேரரசின் ஏனைய நாடுகளில் போர்ட் வண்டிகளை விற்கும் உரிமை இந்தக் கனடா நிறுவனத்துக்கே வழங்கப்பட்டிருந்தது. பேரரசு நாடுகளுக்கு இடையே இறக்குமதித் தீர்வைச் சலுகை இருந்தமையே இதற்குக் காரணம். செவ்ரலே வண்டிகளைச் செய்த ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனமும் ஒஷாவா நகரிலிருந்த தனது கனடாத் தொழிற்சாலையிலிருந்து, வலப்புறம் சுக்கான் வைத்த வண்டிகளைப் பேரரசு நாடுகளுக்கு அனுப்பிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கனடா செய்து கொடுத்த இராணுவ வாகனங்கள் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. நேசப்படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் கண்டிக்கு மாற்றப்பட்டதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். போர் முடிந்தபின் படைகள் கழித்துவிட்ட லொறிகள் ஆசிய நாடுகளிற் பொதுமக்கள் கைக்கு வந்தன.

ஆகவே எம்மூர் வீதியில் ஓடிய செவ்ரலே லொறி ஒன்று, நாம் இன்று ரொறன்ரோவுக்குச் செல்லும்போது கடந்துபோகும் ஒஷாவாவிலேயே பிறந்ததாக இருத்தல் கூடும். அது அங்கே போய்ச் சேர்ந்து ஐம்பது ஆண்டு கழிந்து நாம் இங்கே வந்து சேர்ந்தோம். இதனை எண்ணுந்தோறும் எமக்கு நகைப்பும் ஒருவகை நெகிழ்ச்சியும் உண்டாகின்றன.

அசல் என்ற சொல்லை இவ்வண்டிக்கு எவ்வாறு பொருத்துவது? அக்காலத்து லொறிகள் பல, தொழிற்சாலையிலிருந்து முழு உருவில் வெளிவரவில்லை. சசி எனப்படும் அடிச்சட்டம், எஞ்சின், சில்லுகள், முன் மூக்கு என்ற அளவிலேயே விற்கப்பட்டன. பின்னுடலை வாங்கியவரே தமது தேவைக்கேற்பச் செய்வித்துக் கொள்ளல் வேண்டும். எனவே தச்சர் கட்டிய பலகை உடலை ‘மாற்றம்’ எனக் கூறுதல் பொருந்தாது. அதற்கு முன்னர் மாற்றப்படுவதற்கு உடல் ஒன்று இருக்கவில்லை. தொழிற்சாலை பாதி செய்தது. ஊர் மறுபாதி செய்தது. மாட்டுவண்டில் செய்து பழகிய கைகளும், கோயில் வாகனமும் தேரும் செய்த மரபும் கொண்ட ஒரு சமூகத்தில், அம்மறுபாதி சோடை போகவில்லை.

அடுத்து வந்தது பற்றாக்குறைக் காலம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையில் மோட்டார் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை பெருமளவுக்கு அந்நிலையே நிலவிற்று. புதிய வண்டி வராத நாட்டில் பழைய வண்டி சாக முடியாது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய கார்கள் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடி, தந்தையிடமிருந்து மகனுக்குச் சொத்தாகச் சென்றமை இதனாலேயே. ஒரு வண்டியின் உறுப்பு மற்றொரு வண்டிக்குப் பொருத்தப்பட்டது. கிடைக்காத உறுப்பைக் கடைசற்பட்டறையிற் கடைந்தெடுத்தனர். ‘கொம்பனிச் சாமான்’ என்ற சொற்றொடரை எம்மவர் வியப்போடு உச்சரிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

1990இல் வந்த பொருளாதாரத் தடை இவை அனைத்தையும் விஞ்சியது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகங்கள் யாவும் வடபகுதிக்குச் செல்லத் தடை. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்திய அளவிற் கிடைத்தது. அம்மண்ணெண்ணெயிலேயே எம்மவர் வண்டி ஓட்டினர். மாணவர்கள் இதன் நுட்பத்தை அறிந்து கொள்ளுதல் நன்று. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எனவே குளிர்ந்த எஞ்சினை அதனாற் கிளப்ப இயலாது. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மேலும், அழுத்தம் மிகுந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் முறையின்றி வெடித்து எரிந்து எஞ்சினைச் சிதைத்துவிடும். 1940களின் எஞ்சின்களிலோ அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தது. ஒஸ்ரின் ஏ40இன் விகிதம் 7.2. ஆதலால் அவை அக்கொடுமையைத் தாங்கின. புதிய வண்டிகள் முடங்கிக் கிடக்க, பழைய வண்டிகள் நோயாளரையும் இடம்பெயர்ந்தோரையும் சுமந்து ஓடியதன் இரகசியம் இதுவே. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். எஞ்சின் விரைவில் தேயும். அதனையும் அறிந்தே ஓட்டினர். வேறு வழி இருக்கவில்லை.

இப்போது கற்பனை செய்து பாருங்கள். அவ்வாறு ஓடிய வண்டி ஒன்றை வசதி படைத்த ஒருவர் வாங்கி, ‘அசல் நிலைக்கு’ மீட்கின்றார். மண்ணெண்ணெய்க்காகச் செய்த குழாயையும் தாங்கியையும் கழற்றி எறிகின்றார். கடைசற்பட்டறையிற் கடைந்த உறுப்புகளை அகற்றி, இங்கிலாந்திலிருந்து தருவித்த புதிய உறுப்புகளைப் பொருத்துகின்றார். பலகை உடல் உக்கிவிட்டதென்று கழித்து, பழைய விற்பனைப் பிரசுரத்திற் கண்டவாறு தகர உடல் ஒன்றைச் செய்விக்கின்றார். வண்டி பளபளக்கின்றது. பரிசும் பெறக்கூடும். ஆனால் அதற்குள் யாழ்ப்பாணம் எங்கே இருக்கின்றது? அவர் மீட்டெடுத்தது 1947இல் ஒரு நாள் காலையில் தொழிற்சாலை வாசலில் நின்ற வண்டியை. அதன்பின் அறுபது ஆண்டுகள் உழைத்த வண்டியை அவர் அழித்துவிட்டார்.

இதனினும் கடினமான ஓர் எடுத்துக்காட்டையும் கூறுவோம். 1957ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெறல் வேண்டும் எனச் சட்டமாயிற்று. அதற்கு முந்திய தகடுகளில் ஆங்கில எழுத்துகளே இருந்தன. தமிழரசுக் கட்சி இதனை எதிர்த்து இயக்கம் நடத்திற்று. தமிழில் ‘ஸ்ரீ’ எழுதிய தகடுகளோடு வண்டிகள் ஓடின, ஓட்டியவர்கள் தண்டிக்கப்பட்டனர். அத்தகைய தகடு தாங்கிய வண்டி ஒன்று இன்று எவர் கையிலாவது கிடைக்குமாயின், அதன் ‘அசல்’ தகடு எது? சட்டப்படி வழங்கப்பட்டதா, உரிமையாளர் தம் கையால் எழுதியதா? அழித்தெழுதிய அத்தகட்டை எக்காரணங்கொண்டும் தொடலாகாது என்பது எமது துணிபு.

எமது இக்கருத்து உணர்ச்சிவசப்பட்ட ஈழத்தமிழர் கருத்து மட்டுமன்று. பழம்பெரும் வாகனங்களுக்கான அனைத்துலகச் சம்மேளனம் 2012இல் ‘டூரின் சாசனம்’ என்ற ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பேணுவது குறித்து 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது அது. வண்டி தன் உழைப்புக் காலத்திற் பெற்ற மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதியே. வண்டியை முதல்நாள் நிலைக்குக் கொண்டுவந்தே தீரல் வேண்டும் என்பதில்லை என்பது அதன் சாரம். புதிதாகப் பொருத்துவன பின்னர் அடையாளங் காணத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் எனவும், செய்தவற்றை எழுதிவைத்தல் வேண்டும் எனவும் அது கூறுகின்றது. கண்டிப்பான முதற் கட்சியினர் பலர் இச்சாசனத்தைக் கவனிப்பதில்லை என்றே தோன்றுகின்றது.

‘அவ்வாறாயின் எம்மாற்றமும் செய்யலாம் அல்லவா? செம்மஞ்சள் வண்டி என்ன குற்றஞ் செய்தது?’ என மாணவர்கள் கேட்பர். கேட்கவும் வேண்டும். எமது விடை, மாற்றத்தை ஏவியது எது என்பதைப் பொறுத்தது. தட்டிவானை மாற்றியது தேவை. சந்தைச் சுமை அதன் பின்தட்டியை ஆக்கிற்று. தடை அதன் எரிபொருளை மாற்றிற்று. ஒவ்வொரு மாற்றத்தையும் தொட்டு, ‘இது ஏன்?’ என வினவினால் ஒரு கதை கிடைக்கும். செம்மஞ்சள் வண்டியைத் தொட்டு வினவினால் உரிமையாளரின் விருப்பம் ஒன்றே விடை. விருப்பம் குற்றமன்று, பணமும் உழைப்பும் அவருடையவை. ஆனால் அவ்விருப்பத்துக்காக அழிந்தது எது என்பதையும் கேட்டல் வேண்டும். துருப்பிடித்துச் சசி மட்டும் எஞ்சிய வண்டியை எடுத்து அவர் அவ்வாறு செய்திருப்பாராயின் அவரைப் பாராட்டுவோம். மொன்றியல் வீதிகளில் மாரியில் கொட்டும் உப்பு எத்தனை வண்டிகளை உக்கச் செய்கின்றது என்பதை நாம் அறிவோம். அதற்குத் தப்பி எழுபது ஆண்டுகள் முழுமையாக நின்ற ஒரு வண்டியை வெட்டியிருப்பாராயின், மன்னிக்க எம்மால் இயலவில்லை. அந்தப் பாற்பண்ணையின் பெயரை ஒருமுறை சுரண்டிவிட்டால் மீள எழுதுவதற்கு எவருமில்லை.

பாதுகாப்புக் குறித்த மாற்றங்கள் வேறு. இவற்றில் நாம் பிள்ளைகளின் கட்சி. பழைய வண்டிகளில் நான்கு சில்லுகளின் பிரேக்குகளும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொகுதியில் தங்கியிருந்தன. எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயின. முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் தனித்தனித் தொகுதி என்பது வட அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியிலேயே பொதுவாயிற்று. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒருவர், அசல் என்ற சொல்லுக்காக ஒற்றைத் தொகுதிப் பிரேக்கை வைத்திருப்பாராயின் அது பக்தியன்று, மூடத்தனம். இருக்கைப் பட்டியும் அவ்வாறே. கியூபெக் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டமும், வண்டியின் நிலைபேற்றையோ பிரேக்கின் வலுவையோ குறைக்கக்கூடிய மாற்றங்களை அனுமதியின்றிச் செய்வதைத் தடுக்கின்றது. அதிக வலுவுள்ள எஞ்சினைப் பொருத்திவிட்டுப் பிரேக்கை மறந்துவிடும் இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

இதற்கு எமது மரபிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருவாரூர் ஆழித்தேர் தமிழகத்தின் மாபெருந் தேர்களுள் ஒன்று. முன்னைய தேர் 1920களில் எரிந்து போகவே, புதிதாகச் செய்யப்பட்டது. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகு மின் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சுகளையும் நீரழுத்தப் பிரேக்கையும் செய்து கொடுத்தது. முன்னர் முட்டுக்கட்டை போடுவோர் உயிரைப் பணயம் வைத்தே அத்தேரை நிறுத்தினர். இரும்பு அச்சுப் பூட்டியதால் அது தியாகராசப் பெருமானின் தேர் அன்று எனக் கூறிய அடியார் எவருமில்லை. அதேவேளை, தேரின் மரச்சிற்பங்களைக் கழற்றிவிட்டு இலேசான தகரம் அடிப்போம் என எவரேனும் கூறியிருப்பின், திருவாரூர் மக்கள் அவரைச் சும்மா விட்டிருப்பர் எனத் தோன்றவில்லை. எதனை மாற்றலாம், எதனைத் தொடலாகாது என்பது தேர் இழுத்தவர்களுக்குச் சாசனம் படியாமலே தெரிந்திருந்தது.

(இவ்விடத்தில் தமிழ்மொழியை உவமையாக இழுத்து வந்து, மாற்றமும் தூய்மையும் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது எம்போன்ற மலர்களின் வழக்கம். வாசகர் பொறுமையைக் கருதி அதனைத் தவிர்க்கின்றோம்.)

இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களுக்கென ஒரு நிலையத்தை நடத்திய சாள்ஸ் வெயர் என்பவரையும் குறிப்பிடல் வேண்டும். பழைய காரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதிலும், புதிய காரை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வாங்கி எறிவதிலும் அவருக்கு உடன்பாடில்லை. மொறிஸ் மைனரின் பிரேக்கையும் எஞ்சினையும் மேம்படுத்தி, நாள்தோறும் ஓட்டத்தக்கதாக என்றென்றும் திருத்தி வைத்திருக்கலாம் என அவர் வாதிட்டார். 1980களில் அதற்கென நூலும் எழுதினார். அவருடைய முயற்சிக்கு வேண்டிய தகர உறுப்புகளை 1990களில் செய்து கொடுத்தோர் இலங்கைத் தொழிலாளர். திருத்தும் தொழில் எங்கே உயிரோடு இருக்கின்றதோ அங்கே தேடிச் சென்றார் போலும். வடக்கில் பெற்றோல் இல்லாத அதே ஆண்டுகளில் தெற்கிலிருந்து மொறிஸ் மைனர் தகரங்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கின்றது.

ஏனைய நாடுகளிலும் இத்தகைய கதைகள் உண்டு. அமெரிக்கா விதித்த தடையினால் கியூபாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் ரஷ்ய, ஜப்பானிய எஞ்சின்களோடு ஓடுகின்றன. பிலிப்பைன்ஸ் நாட்டில் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை வேய்ந்து, வர்ணம் தீட்டி ‘ஜீப்னி’ என்ற பொதுமக்கள் ஊர்தியை ஆக்கினர். ஜீப்னி இன்று அந்நாட்டின் அடையாளம். எந்த மணிலாவாசியிடமும் போய் இதனை அசல் ஜீப்பாக மாற்றித் தருகின்றேன் எனக் கூறினால் அவர் சிரிப்பார். ஜீப்னி பற்றி நூல்கள் உண்டு, படங்கள் உண்டு. தட்டிவானைப் பற்றி எம்மிடம் என்ன உண்டு?

உண்மையான கவலை இதுவே. போர் 2009இல் முடிந்த பின்னரும் கொடிகாம வீதியிற் சில தட்டிவான்கள் ஓடின. எஞ்சியவை ஒன்றிரண்டே. அவற்றைக் காட்சிப் பொருளாக நிறுத்துவோர் புதிய வர்ணத்தைப் பூசி, மின்விளக்குகளைக் கட்டி, திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகின்ற காலமும் வரக்கூடும். அதனைத் தடுக்க மொன்றியலிலிருந்து எம்மால் இயலாது. உடலைக் கட்டிய தச்சரும், மண்ணெண்ணெயில் ஓட்டிய சாரதியும், பின்தட்டியில் நின்று காசு வாங்கிய கிளீனரும் இன்று முதியவர்கள். அவர்களுட் சிலர் இந்நகரிலேயே, கோட்-டி-நேஜ், பார்க் எக்ஸ்ரென்சன் பகுதிகளில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். பலகைகளை எவ்வாறு பொருத்தினர், எம்மரம் பயன்பட்டது, சங்கிலி எத்தனை பேரைத் தாங்கிற்று, ஒவ்வோர் உறுப்பையும் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பனவெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. நாளை எவரேனும் தட்டிவான் ஒன்றை முறையாகத் திருத்த விரும்பினால், ஒஷாவாத் தொழிற்சாலை செய்த பாதிக்கு விளக்க நூல் கிடைக்கும். எமது தச்சர் செய்த பாதிக்குக் கிடைக்காது.

பின் இருக்கையில் இருந்த அந்த முதியவரிடம், சில வாரங்களின் பின், ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்துத் தட்டிவானை வரைந்து தருமாறு கேட்டோம். முன்பக்கத்தை இரண்டு கோட்டில் முடித்துவிட்டார். பின்தட்டியையும் அதன் கொக்கிகளையும் வரைவதற்கு அரைமணி நேரம் எடுத்தார். பச்சை வண்டியை ஏளனஞ் செய்த அச்சிறுவனே அருகில் இருந்து, “இந்தக் கொக்கி எதுக்குத் தாத்தா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்னதைப் படத்தின் ஓரத்தில் எழுதினான். எழுத்துப்பிழைகள் இருந்தன, திருத்தவில்லை.

அப்படம் கலைவிழா மண்டபத்தின் நுழைவாயிலில் வைக்கப்படும். வாசகர் எவரிடமாவது தட்டிவானின் பழைய நிழற்படம் இருக்குமாயின், திருமணப் படத்தின் பின்னணியில் ஒரு மூலையில் தெரிவதாயினும், தயவுசெய்து கொண்டுவருக. படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். ஊரும் ஆண்டும் ஓட்டுநர் எவ்வூரவர் என்பதும் தெரிந்தால் ஒரு துண்டில் எழுதி இணைத்துவிடுக. இலக்கத் தகடு தெரியும் படமாயின் இரட்டிப்பு மகிழ்ச்சி.